ராமநாதபுரம் கடலோரத்தில் இறப்புச் சான்றிதழ் வாங்க: ஆஸ்பத்திரிச் சீட்டிலிருந்து ஆர்.டி.ஓ. ஆணை வரை

வீட்டில் ஒருவர் தவறிவிட்டால் முதல் சில நாட்கள் யாருக்கும் காகிதம் ஞாபகம் வராது. வரவும் வேண்டாம். ஆனால் உறவில் ஒருவர், துக்கத்திலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்கிற ஒரு மருமகனோ அண்ணன் மகனோ, அந்த வாரமே இந்தப் பொறுப்பைக் கையில் எடுத்துக்கொண்டால் பின்னால் பல மாத அலைச்சல் மிச்சமாகும். வங்கிக் கணக்கு, இன்சூரன்ஸ், பட்டா மாறுதல், படகின் பதிவு, மீனவர் நல வாரிய உதவி, விதவை உதவித்தொகை என்று எந்தக் கதவைத் தட்டினாலும் முதலில் கேட்பது இறப்புச் சான்றிதழைத்தான்.

எங்கள் குடும்பத்தில் அடுத்தடுத்து இரண்டு சான்றிதழ் எடுக்க வேண்டி வந்தது. ஒன்று, மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் இறந்த சித்தப்பாவுக்கு. இன்னொன்று, பல வருடம் முன்பு ஊரில் வீட்டிலேயே காலமான அப்பத்தாவுக்கு. அவர் பெயரில் இருந்த பட்டாவை மாற்றப் போனபோதுதான் அவருடைய இறப்பு பதிவே ஆகவில்லை என்று தெரிந்தது. இரண்டுக்கும் வழி வேறு, அலுவலகம் வேறு, செலவு வேறு. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி, சாயல்குடி பக்கத்தில் இருப்பவர்கள் எங்களைப் போல விசாரித்து விசாரித்து அலைய வேண்டாம் என்பதற்காக எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

1. உயிர் எங்கே பிரிந்தது என்பதுதான் முதல் கேள்வி

இறந்தவர் எந்த ஊர்க்காரர், எந்த ஊரில் அடக்கம் செய்தோம் என்பதற்கும் பதிவுக்கும் சம்பந்தம் இல்லை. எந்த இடத்தில் உயிர் பிரிந்ததோ அந்த இடத்துப் பதிவாளரிடம்தான் இறப்பு பதிவாகும். சான்றிதழும் அங்கிருந்துதான் வரும்.

நம் பக்கத்தில் பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. கொஞ்சம் பெரிய வியாதி என்றால் ராமநாதபுரம், அதையும் தாண்டினால் மதுரை என்று கொண்டு போகிறோம். அங்கே இறந்தவரை ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்கிறோம். அப்புறம் ஊர்ப் பெரியவர்கள் 'வி.ஏ.ஓ.வைப் பாருங்கள்' என்று அனுப்புகிறார்கள். வி.ஏ.ஓ.வின் பதிவேட்டில் அந்தப் பெயர் இருக்காது, இருக்கவும் கூடாது. மதுரை மாநகராட்சி எல்லைக்குள் இருக்கும் ஆஸ்பத்திரியில் இறந்தால் அந்தப் பதிவு மதுரையில்தான் இருக்கும். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இறந்தால் ராமநாதபுரத்தில் இருக்கும்.

வழியில், ஓடுகிற ஆம்புலன்ஸில் உயிர் போனால்? இதற்கும் விதி இருக்கிறது. வண்டி அதன் பிறகு முதலில் எங்கே நிற்கிறதோ அந்த இடத்தில், வண்டிக்குப் பொறுப்பானவர் தகவல் கொடுக்க வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்குப் போகும் பாதை நீளமானது. நடுவில் பரமக்குடி அரசு மருத்துவமனையில் காட்டி, அங்கே 'ஏற்கெனவே இறந்துவிட்டார்' என்று எழுதிக் கொடுத்திருந்தால் அந்தச் சீட்டு மிக முக்கியம். அதைப் பத்திரமாக வையுங்கள். இப்படிப்பட்ட சந்தர்ப்பத்தில் நிறைய பேர் உடலை நேரே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்து, வீட்டில் இறந்ததாகச் சொல்லிப் பதிவு செய்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பின்னால் இன்சூரன்ஸ் கம்பெனி ஆம்புலன்ஸ் பதிவையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது இடம் ஒத்துப்போகாது. பணம் அங்கேயே நின்றுவிடும்.

2. எந்த அலுவலகத்துக்குப் போவது

கிராம ஊராட்சியில் வீட்டில் நடந்த இறப்பு என்றால் பதிவாளர் உங்கள் வி.ஏ.ஓ.தான். பாம்பன், தங்கச்சிமடம், தேவிபட்டினம், பெரியபட்டினம், ஏர்வாடி எல்லாம் இந்தக் கணக்கில் வரும். கிராமப்புறத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு ஆஸ்பத்திரியிலோ இறந்திருந்தால் முதலில் அங்குள்ள சுகாதார ஆய்வாளரைக் கேளுங்கள். மண்டபம், தொண்டி, சாயல்குடி, ராஜசிங்கமங்கலம் இவை பேரூராட்சிகள். அந்தந்தப் பேரூராட்சி அலுவலகம். ராமநாதபுரம், ராமேஸ்வரம், கீழக்கரை, பரமக்குடி நான்கும் நகராட்சிகள். அங்கே சுகாதாரப் பிரிவு.

எல்லைக்கோட்டில் வீடு இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். பேருந்து நிறுத்தத்துக்கு ஒரு பெயர், வீட்டு வரி கட்டும் இடம் வேறு என்று இருக்கும். வீட்டு வரி ரசீதில் எந்த உள்ளாட்சியின் பெயர் இருக்கிறதோ அதுதான் உங்கள் இடம். அந்த ரசீதைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் வாக்குவாதம் இல்லை.

3. 21 நாள் கணக்கும் நம் வீட்டுக் காரியங்களும்

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இன்படி இறப்பு நடந்து 21 நாளுக்குள் தகவல் கொடுக்க வேண்டும். அதற்குள் கொடுத்தால் கட்டணமே இல்லை, முதல் சான்றிதழும் இலவசம். 2023-இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி பதிவு முடிந்து 7 நாளுக்குள் அதைக் கொடுத்துவிட வேண்டும்.

21 நாள் நிறைய என்று தோன்றும். நம் வீடுகளில் நடக்கிற காரியங்களோடு வைத்துப் பாருங்கள். 'பதினாறு முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்' என்று இந்துக் குடும்பங்களில் சொல்வார்கள். பதினாறு முடிந்தால் மிச்சம் 5 நாள். அதில் சனி, ஞாயிறு போகும். கிறிஸ்தவக் குடும்பங்களில் முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு என்று வைத்தால் கெடு தாண்டிவிடும். முஸ்லிம் குடும்பங்களில் நாற்பதுக்குப் பிறகு என்றால் 30 நாள் கெடுவும் போய்விடும். இத்தா, அதாவது கணவர் இறந்த பின் மனைவி வெளியே வராமல் இருக்கும் காலம், இருக்கும் பெண் வர முடியாது என்பதால் காரியம் நிற்க வேண்டியதில்லை. மகனோ அண்ணன் தம்பியோ போய்த் தகவல் கொடுக்கலாம், மனைவிதான் வர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

தாமதமானால் என்ன ஆகும் என்பது இப்படி:

21 நாள் தாண்டி 30 நாளுக்குள் என்றால் 100 ரூபாய் தாமதக் கட்டணம், அவ்வளவுதான்.

30 நாள் தாண்டி ஒரு வருடத்துக்குள் என்றால் 200 ரூபாய், கூடவே மேலதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி.

ஒரு வருடம் தாண்டினால் 500 ரூபாய், கூடவே வருவாய்க் கோட்டாட்சியரின் ஆணை. ரூபாய் இங்கே பெரிதில்லை. அந்த ஆணையை வாங்குவதுதான் மாதக் கணக்கில் இழுக்கும். 6-ஆவது படியில் அதை விவரமாகச் சொல்கிறேன்.

வீட்டில் இறந்தவருக்கு வி.ஏ.ஓ.விடம் போகும்போது இறந்தவரின் ஆதார், தகவல் கொடுப்பவரின் ஆதார், குடும்ப அட்டை ஜெராக்ஸ், கடைசியாகப் பார்த்த டாக்டரின் சீட்டு, அடக்கம் செய்த இடத்தின் ரசீதோ கடிதமோ எடுத்துப் போங்கள். வீட்டில் இறந்தவரைக் கடைசி நோயில் கவனித்த டாக்டர் இறப்புக் காரணத்தை 4ஏ என்ற படிவத்தில் கொடுப்பார். ஆஸ்பத்திரியில் என்றால் அது படிவம் 4. திருத்தப்பட்ட சட்டப்படி அந்தக் காரணச் சான்றின் ஒரு பிரதி நெருங்கிய உறவினருக்கும் கொடுக்கப்பட வேண்டும். கேட்டு வாங்குங்கள். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

4. ஆஸ்பத்திரியில் கொடுக்கிற பெயர்தான் சான்றிதழில் வரும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஆஸ்பத்திரியில் இறந்தால் பதிவாளருக்குத் தகவல் கொடுக்க வேண்டியது ஆஸ்பத்திரியின் கடமை. படிவம் 2-ஐ அவர்களே நிரப்புவார்கள். அதில் பெயரை எங்கிருந்து எடுப்பார்கள்? அட்மிஷன் சீட்டிலிருந்து. அட்மிஷன் சீட்டில் பெயரைச் சொன்னது யார்? ராத்திரி 2 மணிக்கு ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்த பக்கத்து வீட்டுப் பையன். அவனுக்கு அவரை ஊரில் கூப்பிடும் பெயர்தான் தெரியும்.

எங்கள் சித்தப்பாவுக்கு இதுதான் நடந்தது. ஆதாரில் ஒரு பெயர், ஊருக்கெல்லாம் வேறு பெயர். அவசரப் பிரிவில் எழுதிக்கொண்டது ஊர்ப்பெயரை. வயதையும் குத்துமதிப்பாகப் போட்டிருந்தார்கள். தகப்பனார் பெயரின் இடத்தில் கூட வந்தவரின் பெயர். நான்கு நாள் வார்டில் இருந்தபோது யாரும் ஆதாரைக் கேட்கவில்லை. அப்படியே பதிவாகி, அப்படியே சான்றிதழும் வந்தது. வங்கியில் சித்தி போய் நின்றபோது 'இது வேறு ஆள்' என்றார்கள். கணவரை இழந்த ஒருவரிடம் சொல்லக் கூடிய வார்த்தை இல்லை அது. ஆனால் காகிதத்தின்படி அவர்கள் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை.

நம் கடலோரத்தில் பெயர்ச் சிக்கல் எல்லாச் சமூகத்திலும் உண்டு. ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிக்கூடப் பெயர் ஒன்று. அந்தோணி என்பதை ஆதாரில் ஒருவிதமாகவும் பாஸ்போர்ட்டில் இன்னொரு விதமாகவும் எழுதியிருப்பார்கள். முகமது, முகம்மது, முஹம்மது மூன்றும் ஒரே வீட்டில் இருக்கும். இனிஷியல் முன்னால் வருமா பின்னால் வருமா, விரித்து எழுதியதா சுருக்கமா என்பது தனி. பெண்களுக்கு இனிஷியல் தகப்பனாருடையதா கணவருடையதா என்ற குழப்பமும் சேரும்.

அதனால் நோயாளி உயிரோடு வார்டில் இருக்கும்போதே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அட்மிஷன் ஆன மறுநாள் காலையில் ஆதார் ஜெராக்ஸை எடுத்துப் போய்ப் பெயர், வயது, தகப்பனார் அல்லது கணவர் பெயர், முகவரி நான்கையும் சீட்டில் சரிபார்த்து மாற்றச் சொல்லுங்கள். சாவை நினைத்துச் செய்வதாக நினைக்க வேண்டாம். முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துக்கும் டிஸ்சார்ஜ் சீட்டுக்கும் இதே பெயர்தான் வேண்டும்.

இறந்துவிட்டார் என்றால், உடலை வாங்கும் நேரத்தில் ஆஸ்பத்திரி ஊழியரிடம் 'இறப்பு அறிக்கையை ஒரு தடவை காட்டுங்கள்' என்று கேளுங்கள். அழுகையும் அவசரமும் இருக்கும் நேரம்தான். ஒரே ஒருவர் ஆதாரோடு அங்கே நின்று ஐந்து நிமிடம் படித்துப் பார்த்தால் போதும். கைபேசி எண் கேட்பார்கள். ஊரில் நிலையாக இருக்கிற, எண் மாற்றாத ஒருவருடைய எண்ணைக் கொடுங்கள். கடலுக்குப் போகிறவர் எண்ணோ, விடுமுறைக்கு வந்து வளைகுடாவுக்குத் திரும்பப் போகிறவர் எண்ணோ வேண்டாம். பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் வரும் என்பதால் இரண்டையும் எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

5. ஏற்கெனவே பதிவான இறப்புக்கு நகல் எடுப்பது

2018 ஜனவரி 1-க்குப் பிறகு தமிழ்நாட்டில் பதிவானது என்றால் வேலை சுலபம். சி.ஆர்.எஸ்.டி.என். என்ற அரசு இணையதளத்தில் விவரங்களைக் கொடுத்து நீங்களே இறக்கிக்கொள்ளலாம். இறந்த தேதி, இடம், பாலினம், பதிவு எண் போன்றவை கையில் இருக்கட்டும். பிரவுசிங் சென்டரில் எடுத்தால் பிரிண்டுக்கு ஆகும் காசு மட்டும்தான். கியூ.ஆர். குறியீடும் டிஜிட்டல் கையெழுத்தும் இருக்கும், சீல் வைக்க வேண்டியதில்லை. சில கிளை அலுவலகங்களில் 'ரப்பர் ஸ்டாம்ப் இல்லையே' என்பார்கள். கியூ.ஆரை ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லுங்கள், பொறுமையாகச் சொன்னால் ஏற்றுக்கொள்கிறார்கள்.

தேடினால் வரவில்லை என்றால் உடனே பதிவாகவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஆஸ்பத்திரியின் பெயரைத் தவறாகத் தேர்ந்தெடுத்தாலும் வராது. ஒரு நாள் தள்ளிப் பதிவாகியிருந்தாலும் வராது. நள்ளிரவை ஒட்டி நடந்த இறப்புகளில் நாம் ஒரு தேதி சொல்லுவோம், டாக்டர் மறுநாள் தேதி போட்டிருப்பார். இரண்டு தேதியையும் போட்டுப் பாருங்கள்.

2018-க்கு முந்தையது என்றால் நேரில்தான். பேரூராட்சி, நகராட்சி என்றால் பதிவேடு பெரும்பாலும் அங்கேயே இருக்கும். கிராமம் என்றால், வருடம் முடிந்த பதிவேடுகள் வி.ஏ.ஓ.விடம் இருக்காது. தாலுகா ஆபீஸுக்கும் பிறகு சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் போயிருக்கும். உங்களுக்கு வேண்டிய வருடம் இப்போது எங்கே இருக்கிறது என்று வி.ஏ.ஓ.விடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பஸ் ஏறுங்கள். இன்னொன்று: கீழக்கரை, ராஜசிங்கமங்கலம் எல்லாம் பின்னால் பிரிந்து உருவான தாலுகாக்கள். கீழக்கரை பக்கத்துக் கிராமத்தின் பழைய பதிவேடு ராமநாதபுரம் தாலுகாவின் கீழும், ராஜசிங்கமங்கலம் பக்கத்துடையது திருவாடானையின் கீழும் இருந்திருக்கும். இன்றைய தாலுகாவில் இல்லை என்று சொன்னால் தாய்த் தாலுகாவைக் கேளுங்கள்.

கட்டணம்: தேடுவதற்கு வருடம் ஒன்றுக்கு 100 ரூபாய், நகல் ஒன்றுக்கு 200 ரூபாய். வருடம் சரியாகத் தெரியாமல் 'ஒரு ஐந்து வருடத்துக்குள் இருக்கும்' என்று போனால் தேடுதலுக்கே 500 ரூபாய் ஆகிவிடும். அதைவிட, எழுத்தர் அலுத்துக்கொண்டு பாதியில் விட்டுவிடுவார். அதனால் தேதியை வீட்டிலேயே கண்டுபிடித்துவிட்டுப் போங்கள். கருமாதிப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கல்லறைக் கல், பங்குக் கோயிலின் அடக்கப் பதிவேடு, ஜமாஅத்தின் பதிவு, வீட்டில் மாட்டிய போட்டோவின் அடியில் எழுதிய தேதி, இவற்றில் ஒன்றாவது கிடைக்காமல் போகாது. தமிழ் மாதத் தேதி மட்டும் தெரிந்தால் அந்த வருடத்துப் பஞ்சாங்கத்தை வைத்து ஆங்கிலத் தேதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

எத்தனை நகல்? பழைய பதிவுக்குப் பணம் கட்டி வாங்குகிறவர்கள் குறைந்தது மூன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் தேடுதல் கட்டணத்தோடு திரும்ப வருவதைவிட அது மலிவு.

6. பதிவே ஆகாத பழைய இறப்பு

அப்பத்தா விஷயத்தில் நாங்கள் நடந்த பாதை இது. நீளமானது, ஆனால் முடிகிற பாதை.

முதலில் 'இந்த இறப்பு பதிவாகவில்லை' என்ற சான்றை வாங்க வேண்டும். அது படிவம் 10. அதற்கும், 5-ஆவது படியில் சொன்ன மாதிரி, தேடுதல் உண்டு. இது இல்லாமல் மேலே ஒரு படியும் நகராது.

அடுத்து வருவாய்க் கோட்டாட்சியருக்கு, அதாவது ஆர்.டி.ஓ.வுக்கு மனு. நம் மாவட்டத்தில் இரண்டு கோட்டங்கள். ராமேஸ்வரம், ராமநாதபுரம், கீழக்கரை, திருவாடானை பக்கத்தவர்கள் ராமநாதபுரத்துக்குப் போக வேண்டும். சாயல்குடி, மூக்கையூர் பக்கம் கடலோரமாக இருந்தாலும் கடலாடி தாலுகா, அது பரமக்குடி கோட்டம். சாயல்குடியிலிருந்து ராமநாதபுரம் போய் நின்று திரும்பியவர்களை நானே பார்த்தேன்.

மனுவோடு பதிவு இல்லை என்ற சான்று, உறுதிமொழிப் பத்திரம், இறந்தவரின் பெயர் உள்ள ஏதாவது பழைய ஆவணம், அடக்கம் நடந்ததற்கான சான்று, மனுதாரருக்கும் இறந்தவருக்கும் உள்ள உறவைக் காட்டும் காகிதம் இவை வேண்டும். அடக்கச் சான்றுக்கு ஊருக்கு ஊர் வழி உண்டு. ஊராட்சி மயானம் என்றால் ஊராட்சியின் கடிதம். கிறிஸ்தவர்களுக்குப் பங்குத்தந்தை அடக்கப் பதிவேட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பார். இது மிக வலுவான சான்று, ஏனென்றால் அன்றே எழுதியது. முஸ்லிம்களுக்கு மையவாடி எந்த ஜமாஅத்தைச் சேர்ந்ததோ அந்த ஜமாஅத்தின் லெட்டர்பேடில் கடிதம். கடிதத்தில் தேதி தெளிவாக இருக்கட்டும். 'சில வருடங்களுக்கு முன்பு' என்று எழுதிய கடிதத்தால் பயன் இல்லை.

மனு அங்கிருந்து தாசில்தாருக்கு வரும், தாசில்தாரிடமிருந்து வருவாய் ஆய்வாளர், அவரிடமிருந்து வி.ஏ.ஓ. விசாரணைக்கு வரும்போது அக்கம்பக்கத்தில் வயதானவர்கள் இரண்டு பேர் இறந்த விவரத்தைச் சொல்ல வேண்டியிருக்கும். உடன் இருந்து பார்த்தவர்களாக, தேதியைத் தெளிவாகச் சொல்லக்கூடியவர்களாக இருக்கட்டும். அறிக்கை அதே வழியாக மேலே திரும்பிப் போய் ஆணை வரும். கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்பதை மனு எண்ணை வைத்து நீங்கள்தான் பின்தொடர வேண்டும். மே, ஜூனில் ஜமாபந்தி, அதாவது கிராமக் கணக்குகளின் வருடாந்தரத் தணிக்கை, நடக்கும் சமயம் வருவாய்த் துறையில் யாருக்கும் நேரம் இருக்காது. முடிந்தால் அதற்கு முன்பே மனுவைப் போட்டுவிடுங்கள்.

ஆணை வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்து வீட்டில் வைத்துவிடுகிறவர்கள் உண்டு. ஆணை என்பது சான்றிதழ் இல்லை. அதைப் பதிவாளரிடம் கொண்டுபோய் 500 ரூபாய் கட்டிப் பதிவு செய்தால்தான் சான்றிதழ்.

7. கடலில் நடந்த இறப்பு

இதை எழுதக் கை வரவில்லை என்றாலும் நம் கரையில் இதை விட்டுவிட முடியாது.

உடல் கிடைத்துவிட்டால், கரை ஒதுங்கிய அல்லது கொண்டுவந்து சேர்த்த இடத்துக் காவல் நிலையமோ கடலோரப் பாதுகாப்புக் குழுமமோ வழக்குப் பதிவு செய்து, பிரேதப் பரிசோதனை நடக்கும். எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை இரண்டின் நகலையும் பல பிரதி எடுத்து வையுங்கள். பதிவுக்கும் வேண்டும், விபத்துக் காப்பீட்டுக்கும் வேண்டும். மீனவர்களுக்கான குழு விபத்துக் காப்பீட்டில் இறப்புக்கு 5 லட்சம் ரூபாய் உண்டு. மீன்வளத் துறை அலுவலகத்தில் தாமதிக்காமல் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

உடல் கிடைக்கவில்லை என்றால் எந்தப் பதிவாளரும் தானாகப் பதிவு செய்ய மாட்டார். காணாமல் போனதாக முதல் நாளே புகார் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். அன்று கடலுக்குப் போனதற்கான மீன்வளத் துறை டோக்கன், படகின் பதிவு, உடன் போனவர்களின் வாக்குமூலம் எல்லாவற்றையும் அப்போதே சேர்த்து வையுங்கள். ஏழு வருடம் ஒருவரைப் பற்றி, தகவல் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே ஒன்றும் தெரியவில்லை என்றால் இறந்ததாகக் கொள்ளலாம் என்று சாட்சியச் சட்டம் சொல்கிறது; இப்போதைய சட்டத்தில் அது பிரிவு 111. அதன்படி உரிமையியல் நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கி, அதை வைத்துப் பதிவு செய்யலாம். படகு மூழ்கியதை, ஆள் மூழ்கியதைக் கண்ணால் பார்த்த சாட்சி இருந்தால் ஏழு வருடம் காத்திருக்க வேண்டும் என்று இல்லை, அந்தச் சாட்சியத்தை வைத்தே வழக்குப் போட முடியும். வக்கீலுக்குக் காசு இல்லாத குடும்பங்கள் ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு.

8. வெளிநாட்டில் இறந்தால்

வளைகுடாவில் இறந்தவரின் உடலைக் கீழக்கரைக்கோ தொண்டிக்கோ கொண்டுவந்து அடக்கினாலும் இங்கே பதிவு செய்ய முடியாது. அந்த நாட்டு இறப்புச் சான்று, அதன் மொழிபெயர்ப்பு, இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்த சான்று, இந்த மூன்றும்தான் உங்கள் ஆவணம். உடலை அனுப்பும் வேலையைக் கம்பெனி ஆட்கள் பார்க்கும்போதே தூதரகப் பதிவையும் முடித்துக் காகிதத்தை உடலோடு வருபவரிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

9. சான்றிதழில் பிழை இருந்தால்

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவில் திருத்தத்துக்கு வழி இருக்கிறது. பதிவு எந்த அலுவலகத்தில் ஆனதோ அங்கேதான். எங்களுக்கு அது மதுரை. பழைய பதிவை அழிக்க மாட்டார்கள். ஓரத்தில் திருத்தக் குறிப்பு எழுதிக் கையெழுத்திடுவார்கள். இறந்தவரின் ஆதார், குடும்ப அட்டை, பள்ளிச் சான்று அல்லது பாஸ்போர்ட், விவரம் அறிந்த நம்பகமான இரண்டு பேரின் உறுதிமொழி இவை வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து போன பிழை என்றால், முதலில் ஆஸ்பத்திரியின் ஆவணப் பிரிவில் 'அட்மிஷனில் இன்ன பெயரில் இருந்தவரும் இந்த ஆதாருக்கு உரியவரும் ஒருவரே' என்று கடிதம் வாங்குங்கள். எங்கள் காரியத்தை நகர்த்தியது அந்தக் கடிதம்தான்.

எழுத்துப் பிழை சீக்கிரம் திருந்தும். முழுப் பெயரே வேறு என்றால் இழுக்கும். இறந்த தேதியையும் இடத்தையும் மாற்றுவது எல்லாவற்றிலும் கடினம்.

10. கையில் வந்த பிறகு

வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது இறந்த இடத்தில் இல்லை, அவர் நிரந்தரமாக வாழ்ந்த தாலுகாவில். மதுரையில் வாங்கிய இறப்புச் சான்றிதழை வைத்து ராமேஸ்வரம் தாலுகாவில் விண்ணப்பிக்க வேண்டும். இ-சேவை மையத்தில் கட்டணம் 60 ரூபாய். குடும்ப அட்டையில் பெயரை நீக்குவதற்கு முன்பு பெயர் உள்ள அட்டையை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், உறவுமுறையைக் காட்ட அது பல இடத்தில் உதவும்.

இறப்புச் சான்றிதழில் இறப்புக் காரணம் இருக்காது. சட்டமே அதை வெளியிடக் கூடாது என்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனி காரணத்தைக் கேட்கும்போது பதிவாளரிடம் போய்ச் சண்டை போட்டுப் பயனில்லை. 3-ஆவது படியில் கேட்டு வாங்கச் சொன்ன காரணச் சான்றின் பிரதியும், பிரேதப் பரிசோதனை நடந்திருந்தால் அந்த அறிக்கையும்தான் அங்கே கொடுக்க வேண்டியவை.

பழைய, கையால் எழுதிய மூலச் சான்றிதழ் இருந்தால் அதை எங்கேயும் கொடுத்துவிட்டு வராதீர்கள். காட்டுங்கள், ஜெராக்ஸில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், மூலத்தைத் திரும்ப வாங்குங்கள்.

11. காரியம் நின்றுபோனால்

எந்த மனுவையும் ஒப்புகை இல்லாமல் கொடுக்காதீர்கள். ஒரு பிரதியில் தேதி முத்திரை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கட்டினால் ரசீது. ரசீது தர மறுக்கிற பணம் அரசுக் கட்டணம் இல்லை. அலுவலக வாசலில் 'ஒரே வாரத்தில் எடுத்துத் தருகிறேன்' என்று வருகிற புரோக்கர்களிடம் மூல ஆவணம் எதையும் கொடுக்க வேண்டாம்; சான்றிதழ் ஒன்றுக்கு 200 ரூபாய் என்பதை மறக்காதீர்கள்.

வி.ஏ.ஓ.க்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கிராமங்கள் இருக்கும், போவதற்கு முன் போன் செய்து கேளுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள் என்பதால் அன்று பல அதிகாரிகள் அங்கே இருப்பார்கள். தாலுகா வேலைக்கு அது தோதான நாள் இல்லை. ஆனால் உங்கள் மனு மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கிறது என்றால் அதே திங்கட்கிழமை, பழைய ஒப்புகைகளின் ஜெராக்ஸோடு கலெக்டரிடம் மனு கொடுங்கள். வர முடியாதவர்கள் 1100-க்குப் போன் செய்து முதல்வரின் முகவரித் துறையில் பதிவு செய்யலாம். அவர்கள் தரும் மனு எண்ணை எழுதி வையுங்கள். அடுத்த முறை அலுவலகத்துக்குப் போகும்போது பேச்சு அந்த எண்ணிலிருந்து தொடங்கட்டும்.